பெட்டகத்துச் சல்லி: லாரின் காசுகளைப் பேணுதல்

நம்மவர் வீடுகளில் பழஞ்சல்லி வைப்பதற்கென்று ஒரு வழமை இருக்கிறது. காசை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ரப்பர் பட்டி கட்டி, பத்திரிகைத் தாளில் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் வைப்பது. பார்க்கக் கேட்டால் புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் தருவார்கள். "கறுத்துக் கெடந்திச்சி மகன், வெளக்கி வெச்சிரிக்கன்" என்று கிழக்கில் ஒரு மூத்தம்மா என்னிடம் நீட்டியது ஒரு லாரின். வெள்ளி மின்னியது. எழுத்து மழுங்கியிருந்தது.

லாரின் என்ற பெயர் பாரசீகத்தின் லார் நகரிலிருந்து வந்தது. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்துத் தட்டி, மேலே அரபு எழுத்துகளில் முத்திரை குத்துவார்கள். பாரசீக வளைகுடாவிலும் இந்தியாவின் மேற்குக் கரையிலும் புழங்கிய காசு இது. பிஜாப்பூர் சுல்தான் அலி ஆதில் ஷாவின் பெயர் பொறித்த லாரின்களும் உண்டு. இலங்கையில் அந்தக் கம்பியைத் தூண்டில் முள் போல வளைத்தார்கள். சிங்களத்தில் கொக்கு ரிதி என்பார்கள். கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தமது நூலில், அரசனின் அனுமதியோடு சனங்களே இத்தகைய காசைச் செய்துகொண்டதாகவும், விரும்பிய அடையாளத்தைக் குத்திக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

ஆகவே கடல் கடந்து வந்த லாரினும் உள்ளூர்த் தட்டான் செய்த லாரினும் வடிவத்தில் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எழுத்துத்தான். வந்ததில் பெயரையோ அக்கசாலையையோ வாசிக்க வாய்ப்பிருக்கிறது. பார்த்துச் செய்ததில் பல வேளை எழுத்துப் போன்ற கீறல்களே இருக்கும். நமது வாணிபத் தொடர்புகளுக்கு ஏட்டுச் சான்று குறைவு என்று குறைப்படுகிறோம். கையில் இருக்கும் சான்றையோ புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறோம். கறுப்பு வெறும் அழுக்கல்ல, வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து உண்டான படலம். அதைத் தேய்க்கும்போது வெள்ளியின் மேல்தோலும் கூடவே போகிறது. தேய்க்காமல் விடுவதே மேல்.

ரப்பர் பட்டியிலும் பத்திரிகைத் தாளிலும் கந்தகம் இருக்கிறது. கறுக்க வைப்பதே அவைதான். மலிவான காசு அல்பங்களின் பீவீசீ உறை அதைவிட மோசம். நாட்பட அது கசிந்து, காசின் மேல் பிசுபிசுப்பான பச்சையைப் படியவிடும். ஒல்லாந்தரின் வீஓசீ செப்புத் துட்டு வைத்திருப்பவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. செம்பில் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். பொலியெஸ்டர் உறை நல்லது, அமிலமற்ற கடதாசிக் கூடும் நல்லது. பிளைவுட் பெட்டி வேண்டாம், அதன் ஆவியும் உலோகத்தைத் தின்னும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே சிலிக்கா ஜெல் பை, அதில் இரண்டைக் கூடப் போட்டு, ஈரம் ஏறியதும் மாற்றிக்கொண்டால் போதும். காசை எடுக்கும்போது விளிம்பில் பிடியுங்கள்.

வங்கி லொக்கர் களவுக்குப் பாதுகாப்பு, ஈரத்துக்கு அல்ல. திறப்பு எங்கே என்று வாரிசுகளுக்குத் தெரியாமலும் போகலாம். வஸிய்யத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன? (வெள்ளி நிஸாப் 595 கிராம். ஒரு லாரின் ஏறத்தாழ 5 கிராம். நூற்றிருபதுக்கு மேல் வைத்திருப்பவர் ஸக்காத்தைப் பற்றி ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.)

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது ஒரு துண்டுக் கடதாசியை. காசு எந்த ஊரில், எந்தக் காணியில், யாருடைய கையிலிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதி உறையோடு வையுங்கள். மண்ணில் கண்டெடுத்ததென்றால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஊர் தெரியாத லாரின் தட்டாரின் தராசில் வெறும் வெள்ளிதான்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்தது சில மணித்தியாலங்களே. போகும் வழியில் நகைகளையும் பறித்தார்கள். பெட்டகத்தில் இருந்த பழஞ்சல்லிக்கு அன்று என்ன பாதுகாப்பு? 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் அலுமாரிகளையே கொண்டுபோனது. காசு போனாலும், இரு பக்கமும் எடுத்த படமும் நிறையும் அளவும் ஊரும் எழுதிய பட்டியலும் வேறொரு ஊரில் இருந்தால், ஆய்வாளனுக்கு அந்தக் காசு பாதியாவது மிஞ்சும். அந்தப் பட்டியலில் ஒரு பிரதியை மகளின் வீட்டிலும் இன்னொன்றை ஒரு நூலகத்திலும் கொடுத்து வையுங்கள்.