'சகோதரன்' என்னும் சொல்லும் திருவிருந்தும்

திருச்சபையில் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'சகோதரன்' என்பதும் ஒன்று. வடமொழியில் 'ஸஹ' என்பது உடன் எனவும், 'உதரம்' என்பது வயிறு எனவும் பொருள்படும். ஒரே வயிற்றில் பிறந்தவன் என்பதே இச்சொல்லின் பொருள். தமிழில் 'உடன்பிறந்தான்' என்பதும் அதுவே. புதிய ஏற்பாட்டில் வரும் 'அதெல்பொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும், கருப்பையைக் குறிக்கும் 'தெல்புஸ்' என்பதினின்று பிறந்தது. மும்மொழியிலும் இச்சொல்லுக்கு வேராய் நிற்பது பிறப்பே.

பண்டைக் கிரேக்கர் 'பிலதெல்பியா' என்னும் சொல்லைப் பெரும்பாலும் இரத்த உறவினரின் அன்பையே குறித்து வழங்கினர். தன் தமையன்மேல் கொண்ட பற்றினால் பெர்கமு மன்னன் இரண்டாம் அத்தாலு 'பிலதெல்பு' எனப் பெயர் பெற்றான். ஆனால் 2 பேதுரு 1:7 கூறும் 'சகோதர சிநேகம்' ஒரே தாய் வயிற்றில் பிறவாதாரிடையே நிலவ வேண்டுவதாகும். அடிமையாகிய ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்குமாறு பவுல் பிலேமோனுக்கு எழுதியதும் இப்பொருளிலேயே. பிறப்பைக் குறித்த சொல்லைக் கொண்டே பிறப்பின் எல்லையைத் திருமறை கடந்தது.

உடனுண்போர் யாவர் என்பதைப் பிறப்பே வரையறுத்த தமிழகத்தில் இச்சொல் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. சபைகளில் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டுமென அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை எதிர்த்து விலகினர். 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிகளின் மாநாடு, பிற சாதியார் சமைத்த உணவை உண்ண மறுப்போர் சாதியைத் துறந்தவர் ஆகார் என்னும் கருத்தை வலியுறுத்தியது. இவ்வாறு இச்சொல்லின் மெய்ம்மை உணவுப் பந்தியிலே சோதிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிக்கு மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1853இல், நம் வேலூர்ப் பகுதியில் ஆர்க்காடு மிஷன் தோன்றிற்று. அதனை நிறுவிய ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஸ்கடர் ஆகிய மூவரும் ஒரே வயிற்றில் பிறந்த சகோதரர். அவர்களுக்கு அவ்வுறவு இயல்பாய் அமைந்தது. அவர்கள் கூட்டிய சபையாருக்கோ, வெவ்வேறு தெருக்களில் பிறந்து ஒரே பாத்திரத்தில் பருகுவதாகிய உறவு புதிதாய்க் கற்கவேண்டியதாயிற்று.

அப்பாடம் இன்னும் முடியவில்லை. அமிர்தி மலையடிவாரம் முதல் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைத் தெருக்கள் வரை, நம் பிரசங்க பீடங்களினின்று இச்சொல் ஒலிக்கின்றது. திருவிருந்தில் சகோதரர் எனப்பெற்றவர், மணப்பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் சகோதரராய் நிற்கின்றனரா? இச்சொல்லை உரைக்கும் போதகர் ஒவ்வொருவரும் முதலாவது தம் சபையை நோக்கி இதனைக் கேட்டல் வேண்டும்.