எதிராளிக்கும் அதே சுவர்தான்

பகடை மூன்றையும் சேர்த்து உருட்டினேன். வெள்ளையில் 5. ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் அடிப்பவரின் கார்டு, நான்கு முதல் ஆறு வரை என்றால் பிட்சரின் கார்டு. ஆக என் பிட்சரின் கார்டு. சிவப்பு இரண்டும் கூட்டினால் 7. அந்த வரியில் சின்னதாக ஒரு வைரக் குறி. வைரம் வந்தால் பந்து உயரே போய்விட்டது, இனி மைதானம்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று அர்த்தம். இருபது முகப் பகடையை எடுத்து உருட்டினேன். ஹோம் ரன். அடித்தது எதிரணி. அந்த ஒரு மாலையில் மட்டும் அது நான்காவது.

மைதானம் நானே தேடிப் பிடித்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நியூ ஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஓய்வு பெறும் வயதிலிருந்த சக ஊழியர் ஒருவர் என்னைத் தன் வீட்டு நிலவறைக்கு அழைத்துப் போனார். எட்டுப் பேர், எட்டு அணி, செருப்புப் பெட்டிகளில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பேஸ்பால் கார்டுகள். எந்தக் காலத்து ஆட்டக்காரரையும் வாங்கலாம். எந்தக் காலத்து மைதானத்தையும் சொந்த மைதானமாக எடுத்துக்கொள்ளலாம், இடித்துத் தள்ளியதாக இருந்தாலும். செலவுக்கு மட்டும் உச்ச வரம்பு உண்டு. நான் எடுத்தது ஃபிலடெல்ஃபியாவின் பேக்கர் போல். வலப்பக்கச் சுவர் வெறும் 280 அடி தூரத்தில். இடக்கை ஆட்டக்காரர் இழுத்து அடித்தால் பந்து அந்தப் பக்கம்தான் போகும். கிரிக்கெட் பாஷையில் சொன்னால் அவருடைய லெக் சைடு. இருந்த காசையெல்லாம் இடக்கை அடிதடிக்காரர்கள் மேல் கொட்டினேன். பிட்சர்களை மிச்சச் சில்லறையில் வாங்கினேன். 162 ஆட்டத்தில் 97 தோல்வி.

பெரியவர் சிரிக்கவில்லை. “எதிராளிக்கும் அதே சுவர்தானே?” என்று மட்டும் கேட்டார்.

இந்த விளையாட்டின் வம்சாவளி ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. 1930 வாக்கில் நேஷனல் பாஸ்டைம் என்றொரு பகடை ஆட்டம் வந்து, விலை போகாமல் மறைந்தது. அதைச் சிறுவயதில் ஆடிய ரிச்சர்ட் சைட்ஸ், 1951-ல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரிலிருந்து ஆப்பா என்ற பெயரில் தன் ஆட்டத்தை விற்றார். இடையில் 1941-ல், முன்னாள் ஆட்டக்காரர் ஈத்தன் ஆலன் வட்டத் தட்டும் சுழல்முள்ளும் வைத்து ஆல்-ஸ்டார் பேஸ்பாலைக் கொண்டுவந்தார். லாங் ஐலண்டுப் பையன் ஹால் ரிச்மன் பதினோரு வயதில் பகடைகளை உருட்டி உருட்டிக் கணக்கெழுதத் தொடங்கியவர். 1961-ல் அவருடைய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் வெளிவந்தது. எங்கள் நிலவறையில் உருண்டது அதுதான். புது வருடக் கார்டுகள் வெளியாகும் நாளில் கிளென் ஹெட்டில் இருந்த அதன் அலுவலகத்துக்கு வெளியே குளிரில் ஆட்கள் வரிசை கட்டி நின்றதாகப் பெரியவர் சொல்வார். ரஜினி படத்து முதல் காட்சியை எனக்குத் தெரியும் என்பதால் நம்பினேன்.

பள்ளியில் கடைசி பெஞ்சில் நாங்கள் ஆடிய புத்தகக் கிரிக்கெட்டும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். பக்கத்தைத் திறந்தால் கடைசி இலக்கம் ரன். பூஜ்யம் விழுந்தால் அவுட். ஆனால் அதில் கவாஸ்கரும் ஒன்றுதான், கடைசி ஆளாக வரும் சந்திரசேகரும் ஒன்றுதான். சேப்பாக்கமும் பெர்த்தும் ஒன்றேதான். ரிச்மன் வகையறா செய்த காரியம் ஆளுக்கொரு கார்டு கொடுத்தது. 1972-ல் இடக்கைப் பிட்சருக்கு எதிராக எப்படி, வலக்கைக்கு எதிராக எப்படி என்று கார்டை இரண்டாகப் பிரித்தார்கள். மைதானத்துக்கும் எண் கொடுத்தது அதற்கும் பிற்பாடு. அந்த எண் வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்குப் புத்தி பேதலித்தது.

1980-ல் டேனியல் ஓக்ரெண்டும் நண்பர்களும் நியூயார்க் உணவகம் ஒன்றின் பெயரில் ஆரம்பித்த ரொட்டிசெரி லீக் வேறு ஜாதி. இன்று ஃபேன்டஸி என்று உலகம் ஆடுவது அதன் பேரப்பிள்ளை. நிஜ ஆட்டத்தில் வந்த எண்களைக் கூட்டுவது மட்டுமே அங்கே வேலை. உங்கள் அணிக்கு வீடு வாசல் கிடையாது. எனக்கு அது வட்டிக்கடைக் கணக்கு மாதிரி இருக்கும்.

பேஸ்பாலில் தளத்துக்குத் தளம் 90 அடி, பிட்சர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம். இதில் இம்மி பிசகாது. வெளிச்சுவர் எவ்வளவு தூரம் என்பதில்தான் விதி தளர்ந்து கொடுக்கும். பழைய மைதானங்கள் ஊருக்கு நடுவே, தெருவும் ரயில் தடமும் விட்ட இடத்தில் உட்கார்ந்தவை. பாஸ்டனின் ஃபென்வேயில் லான்ஸ்டவுன் தெரு குறுக்கே நின்றதால் இடப்பக்கம் 37 அடி உயரச் சுவர். நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் குளியல் தொட்டி வடிவம்: வலக்கோட்டில் 258 அடி, இடக்கோட்டில் 279, நடுவில் 480-க்கும் மேல்.

1954 செப்டம்பர் 29, உலகத் தொடரின் முதல் ஆட்டம் அங்கேதான். எட்டாவது இன்னிங்ஸ், 2-2. கிளீவ்லாண்டின் விக் வெர்ட்ஸ் அடித்த பந்து 420 அடிக்கு மேல் பறந்தது. உள்ளூர் அணியான ஜயன்ட்ஸின் வில்லி மேஸ் முதுகைக் காட்டியபடி ஓடிப் போய், தோளுக்கு மேலாக வந்த பந்தை ஏந்தினார். பத்தாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸின் டஸ்டி ரோட்ஸ் வலக்கோட்டில் ஒன்றைத் தூக்கினார். சுமார் 260 அடி. மூன்று ரன், ஆட்டம் முடிந்தது. அந்த வருடம் 111 ஆட்டம் வென்றிருந்த கிளீவ்லாண்ட் தொடரில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. வெர்ட்ஸின் பந்து வேறெந்த ஊரிலும் சுவர் தாண்டியிருக்கும், ரோட்ஸின் பந்து வேறெந்த ஊரிலும் கைக்குள் விழுந்திருக்கும் என்று பெரியவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அதே ஜயன்ட்ஸின் மெல் ஆட் இடக்கைக்காரர். தன் 511 ஹோம் ரன்னில் 323-ஐ உள்ளூரில் அடித்தவர். போலோ கிரவுண்ட்ஸை எடுக்கிறவர்கள் முதலில் கை வைப்பது அவர் கார்டில்தான்.

என் தோல்விக்கு மூதாதை ஒன்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. 1930-ன் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ். நான் வாங்கிய ஆட்களே பாதிப் பேர் அந்த அணி: சக் க்ளைன் .386, லெஃப்டி ஓடூல் .383. ஒட்டுமொத்த அணியின் சராசரியே .315. இப்போது பார்த்தால் தேவர்கள் சபை. 944 ரன் எடுத்தார்கள். கொடுத்தது 1,199. பிட்சர்களின் பொறுப்பில் விழுந்த ரன் மட்டும் ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.71. 102 தோல்வி, கடைசி இடம்.

அந்த வலச்சுவர் உயரமானது. மேலே கம்பிவலையும் சேர்ந்து 60 அடி. தகரம் போர்த்தியது. சாதாரணமாகப் பிடிபடும் பந்து அதில் மோதி எகிறி இரண்டு தளத்து அடியாகும். உள்ளூர்க்காரனுக்கும் ஆகும், வந்தவனுக்கும் ஆகும். சொந்தப் பிட்சர் திறமையானவராக இல்லாவிட்டால் வந்தவனுக்குக் கூடுதலாகவே ஆகும். அந்தச் சுவரில் லைஃப்பாய் சோப்பு விளம்பரம் ஒன்று பிரம்மாண்டமாக இருந்தது: ஃபில்லீஸ் உபயோகிப்பது லைஃப்பாய். ஒருநாள் யாரோ அதன் கீழே, “ஆனாலும் நாற்றம் போகவில்லை” என்று எழுதிவிட்டுப் போனதாக ஒரு கதை. எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த அதே சிவப்பு சோப்பு.

அந்தத் தகரத்திலிருந்து உள்ளூர்க்காரனுக்கு மட்டும் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. பந்து எங்கே பட்டால் எப்படித் திரும்பும் என்று க்ளைனுக்கு மனப்பாடம். சுவரை ஒட்டி நின்று, எகிறி வருவதைப் பொறுக்கி, ஓடுகிறவர்களை எறிந்தே வீழ்த்துவார். 1930-ல் அப்படி அவர் கை வைத்த அவுட்கள் 44. இருபதாம் நூற்றாண்டு தொட்டு வெளிக்களத்தில் வேறு யாரும் எட்டாத எண். நான் அவரை வாங்கியபோது கார்டில் இருந்த அடி எண்களை மட்டும் பார்த்தேன். கை எவ்வளவு வலு என்று போட்டிருந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. 1933-ல் அடித்தலின் மூன்று முக்கியப் பட்டியல்களிலும் முதலிடம் பிடித்து மும்மகுடம் சூடிய கையோடு அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வருடம் .301, 20 ஹோம் ரன். நல்ல எண்தான், க்ளைன் எண் அல்ல. விவரமான தயாரிப்பாளர்கள் மைதானத்தின் பங்கைக் கார்டிலிருந்து கழித்துவிட்டுத்தான் அச்சடிப்பார்கள். நானோ ஒரே பலத்தை இரண்டு தடவை எண்ணியிருந்தேன்.

சுவரையே நகர்த்திப் பார்த்தவர்களும் உண்டு. 1947-ல் ஹாங்க் கிரீன்பெர்க்குக்காக பிட்ஸ்பர்க்கில் இடப்பக்கத்தை 365 அடியிலிருந்து 335-ஆகச் சுருக்கினார்கள். கிரீன்பெர்க் ஒரே வருடத்தில் ஓய்வு பெற, அனுபவித்தவர் ரால்ஃப் கைனர். அந்த முதல் வருடம் அவர் 51 ஹோம் ரன் அடித்தார். அணி கடைசி இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டது.

பழைய யாங்கி ஸ்டேடியத்துக் கணக்குதான் கணக்கு. 1923-ல் திறந்தபோது வலக்கோடு 300 அடிகூட இல்லை. இடப்பக்க ஆழம் 450-ஐத் தாண்டும். ரூத், கெரிக், டிக்கி, பெர்ரா, மாரிஸ் என்று இடக்கையால் அடிப்பவர்கள் வரிசையாக வந்ததை எல்லோரும் சொல்வார்கள். பிட்சர்கள் பக்கம் பாருங்கள்: கோமெஸ், லோபாட், ஃபோர்ட், பிற்பாடு கிட்ரி. எல்லோரும் இடக்கை. இடக்கைப் பிட்சர் வந்தால் எதிரணி மேனேஜர் வலக்கை ஆட்களை இறக்குவார். அவர்கள் இழுத்து அடிப்பது அந்த ஆழத்துக்குள். ஆக, கிட்டச் சுவர் தனக்கு, எட்டச் சுவர் எதிராளிக்கு. ஆழத்தின் கொடுமைக்குச் சொந்த அணியிலேயே சாட்சி, வலக்கைக்காரரான டிமாஜியோ: உள்ளூரில் 148 ஹோம் ரன், வெளியூரில் 213.

சுவரைப் பற்றிய நினைப்பையே விட்டுவிட்டு அணி கட்டியவர் வைட்டி ஹெர்ஸாக். 1980-ல் செயின்ட் லூயிஸுக்கு வந்தபோது ஆள் எடுக்கும் அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. புஷ் ஸ்டேடியத்தில் செயற்கைப் புல். இடைவெளிகளில் சுவர் 386 அடி. தூக்கி அடித்தால் பிடிபடும், தரையோடு அடித்தால் சிமெண்டுத் தரையில் போலச் சறுக்கிக்கொண்டு போகும். அதனால் கால்களை வாங்கினார்: லானி ஸ்மித், வில்லி மெகீ, தடுக்க ஆஸி ஸ்மித், கடைசியில் வந்து ஆட்டத்தை மூட ப்ரூஸ் சட்டர். 1982-ல் அணி மொத்தமும் அடித்தது 67 ஹோம் ரன், பந்து அடிபடுமுன் ஓடித் திருடிய தளங்கள் 200. உலகத் தொடரில் எதிரே 216 ஹோம் ரன் அடித்த மில்வாக்கி. ஏழு ஆட்டத்தில் ஹெர்ஸாக் வென்றார். வேகத்தில் எனக்குப் பிடித்தது, அது வெளியூருக்கும் கூடவே பெட்டி கட்டிக்கொண்டு வரும்; குட்டைச் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாதி ஆட்டம் வெளியூரில்தானே.

1985-ல் 314 திருட்டு. அதில் 110 வின்ஸ் கோல்மன் என்ற புதுப்பையனுடையது. அக்டோபரில் ஒரு மாலை, தூறல் விழுந்ததும் புஷ் ஸ்டேடியத்தின் தானியங்கித் தார்ப்பாய் இயந்திரம் உருண்டு வந்து, பார்க்காமல் நின்றிருந்த கோல்மனின் இடது கால்மேல் ஏறிவிட்டது. எதிரணியில் ஒருவராலும் நிறுத்த முடியாத காலை உள்ளூர்த் தார்ப்பாய் நிறுத்தியது. அவரில்லாமல் உலகத் தொடரைக் கன்சாஸ் சிட்டியிடம் தோற்றார்கள். எந்தக் கார்டிலும் இதற்கு எண் கிடையாது.

அடுத்த குளிர்காலத்திலும் பேக்கர் போலையே கேட்டேன். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. முதலில் இரண்டு இடக்கைப் பிட்சர்களை எடுத்தேன், இருவரும் பந்தைத் தரையோடு அடிக்க வைப்பவர்கள். அப்புறம் உள்வட்டத்தில் தடுப்பாட்டக்காரர்கள். ஓடூலை விட்டுக்கொடுத்தேன், மனசில்லாமல்தான். க்ளைனை மட்டும் விடவில்லை. வலக்களத்தில் அந்தக் கை வேண்டும். 86 வெற்றி. கோப்பை கிடைக்கவில்லை.

அந்த வசந்தத்தில் ஒரு வேலையாக ஃபிலடெல்ஃபியா போனபோது, 1950-ல் இடித்த அந்த இடத்தைத் தேடிப் போனேன். பிராட் தெருவில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பதினைந்தாம் தெருவும் ஹன்டிங்டனும் கூடும் முனைதான் பந்தடிக்கும் மூலை. வலச்சுவர் பிராட் தெருவை ஒட்டி. முனையிலிருந்து பிராட் தெருவை நோக்கி நடந்தேன், கூடவே மனைவி. “எவ்வளவு தூரம் போகணும்?” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பிராட் தெருவின் சிக்னலில் நின்றிருந்தோம்.