பயிற்சி மருத்துவரின் நீண்ட இரவு

பயிற்சி மருத்துவர்கள் ஒரு பகல், ஓர் இரவு, மறுநாளும் பாதிப் பகல் என்று தொடர்ந்து பணி பார்க்கும் வழக்கம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வேர்பிடித்தது. அங்கே 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பொது மருத்துவத்துக்கு வில்லியம் ஆஸ்லரும் அறுவை சிகிச்சைக்கு வில்லியம் ஹால்ஸ்டெடும் தலைமை ஏற்றனர். பட்டம் பெற்ற இளைஞர் மருத்துவமனையிலேயே குடியிருந்து, அழைத்த நேரத்துக்கு எழுந்து வந்து தொழில் கற்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. ஹால்ஸ்டெட் தம் உடலிலேயே கொக்கைனை மரத்துப்போகும் மருந்தாகச் சோதித்து, அதற்கு அடிமையானவர். ஆனாலும் நீண்ட பணிநேரம் முழுவதையும் அந்தப் பழக்கத்தின் தலையில் கட்டுவது மிகை. படுக்கைகள் பெருகியபோது, சொற்பச் சம்பளத்துக்கு இரவைத் தாங்கும் ஆட்கள் நிர்வாகங்களுக்குத் தேவைப்பட்டார்கள். வழக்கம் நிலைத்ததற்கு அதுவே வலுவான காரணம்.

உறக்கத்தைத் துறப்பது தொழில் பக்தியின் அடையாளமாகவே பல தலைமுறைகள் கருதப்பட்டது. அதை முதலில் அசைத்தவற்றுள் ஒன்று 1971இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு. பயிற்சி மருத்துவர்கள் 14 பேரிடம் இசிஜி பதிவைக் கொடுத்து, சீரற்ற துடிப்புகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நன்றாக உறங்கி வந்த நாளில் செய்த பிழைகளைவிட, இரவுப் பணி முடித்து வந்த நாளில் செய்தவை ஏறக்குறைய இரு மடங்கு. அறிவு குறைந்துவிடவில்லை, கவனம்தான் அறுந்து அறுந்து போனது. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து உறக்க அழுத்தம் ஏறுகிறது. கண் திறந்திருக்கும்போதே சில விநாடி உறக்கங்கள் குறுக்கிடுகின்றன. 24 மணி நேரம் விழித்தவரின் செயல்திறன், இரத்தத்தில் ஏறத்தாழ 0.10 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்குவதாக 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பல நாடுகளில் கைதுதான். வார்டில் ஊசி போடத் தடை இருக்கவில்லை.

மருத்துவரின் சொந்த இதயத்தைப் பற்றிய கேள்வி இன்னும் தாமதமாக வந்தது. ஆழ்ந்த உறக்கத்தில் வேகஸ் நரம்பின் கை ஓங்கி, துடிப்பு மெதுவாகிறது. இரவு இரத்த அழுத்தம் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு தாழ்கிறது. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நாள்தோறும் கிடைக்கும் ஓய்வு இது. விழித்திருந்தால் துடிப்பை முடுக்கும் பரிவு நரம்புகள் முறுக்கேறியே இருக்கும், அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் கதிரியக்க மருத்துவர்கள் 20 பேரை 24 மணி நேரப் பணிக்கு முன்னும் பின்னும் எம்ஆர்ஐ கருவியில் படம்பிடித்து 2016இல் முடிவை அறிவித்தனர். பணிக்குப் பிறகு இதயம் கூடுதல் விசையுடன் சுருங்கியது. இரத்த அழுத்தமும் துடிப்பும் உயர்ந்திருந்தன. ஓரிரவில் இது நோயாகிவிடாது. ஆண்டுக்கணக்கில் இரவுப் பணி பார்ப்போரிடம் உயர் இரத்த அழுத்தமும் மாரடைப்பும் கூடுதலாகக் காணப்படுவதற்கு இது விளக்கம் தருகிறது.

சட்டத்தை அசைத்தது ஆய்வு அல்ல, ஒரு மரணம். 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி இறந்தார். அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரம் வழக்கிலும் பத்திரிகைகளிலும் பெரும் விவாதமானது. 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என வரம்பிட்டது. 2003இல் அந்த வரம்பு நாடு முழுவதும் வந்தது. முதலாண்டுப் பயிற்சியாளருக்கு 2011இல் 16 மணி நேரமாகக் குறைக்கப்பட்ட ஒரு பணிமுறை, 2017இல் மறுபடி 24 மணி நேரமாக நீண்டது. அடிக்கடி ஆள் மாறினால் நோயாளியைப் பற்றிய தகவல் விடுபடும் என்பது நீட்டியவர்களின் வாதம். ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் சராசரி 48 மணி நேரம் என்ற வரம்பை நடைமுறைப்படுத்தியது. இந்திய அரசின் 1992ஆம் ஆண்டு உத்தரவும் தொடர்பணி வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனாலும் இங்கே 36 மணி நேர ட்யூட்டி பல அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகவே தொடர்கிறது.