இராதாகிருஷ்ணன், சர்வபள்ளி (1888–1975): அறவியல் ஆய்வுப் பணி

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த மெய்யியல் பேராசிரியர். இவ்வூர் அன்று வட ஆர்க்காட்டில் இருந்தது. பின்பு சித்தூர் மாவட்டத்துக்குப் போய் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. குடியரசுத் தலைவராக (1962–67) அவரை அறிந்த அளவுக்கு அறவியல் ஆய்வாளராக அறிந்தவர் குறைவு. கர்மம் போன்று தானே இயங்கும் விதியொன்று மனிதருக்குப் பலனை விதித்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விதான் அந்த ஆய்வின் அடிச்சரடு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படிக்கையில், வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற பாதிரிமாரின் வாதம் அவரை உறுத்தியது. அதற்கு மறுப்பாக 1908-இல் முதுகலை ஆய்வேடு எழுதினார், ஆசிரியர் ஏ. ஜி. ஹாக், கர்மக் கோட்பாட்டை ஏற்காதவராயினும், அதைப் பாராட்டினார். அதே ஆண்டு 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் கர்மத்தையும் தன்விருப்பத்தையும் ஆராய்ந்தார். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1911-இல் கீதையின் அறத்தை ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட்டின் அறத்தோடு ஒப்பிட்டார். முன்வினை சூழலை மட்டுமே தருகிறது, தேர்வு நம்முடையது என்பதே அவர் முடிவு. 1926-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரைகளில் இதைச் சீட்டாட்டமாக விளக்கினார்: கைக்கு வரும் சீட்டு நம் விருப்பமன்று, ஆடுவது நம் பொறுப்பு.

கணினியைப் பற்றி எழுதாதவரைத் தானியங்கி முடிவுகளின் விவாதத்துக்குள் இழுக்கலாமா எனக் கேட்கலாம். 1929-இல் வந்த 'கல்கி' என்னும் சிறுநூலில் இயந்திர நாகரிகத்தை அவர் எடைபோட்டிருக்கிறார் என்பது சிறிய விடை. 'விதி இப்படிச் சொல்லிவிட்டது' என்று கைகழுவுவதை அவர் அறமாக ஏற்கவில்லை என்பதே பெரிய விடை. கடன் விண்ணப்பத்தை மென்பொருள் தள்ளிவிட்டது என்று கைவிரிக்கும் அலுவலருக்கும் அது பொருந்தும். இதைவிட வலுவான மறுப்பு அம்பேத்கருடையது. இந்து நாகரிகம் நெடுங்காலம் நிலைத்ததையே அதன் தகுதிக்குச் சான்றாக்கும் இராதாகிருஷ்ணனின் வாதத்தை, 1936-இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அவர் உடைத்தார். ஆடுபவரின் சுதந்திரத்தை ஆராய்ந்த இராதாகிருஷ்ணன், சாதி போன்ற சீட்டைக் கலைத்துத் தந்தது யார் என்று போதுமான அளவு கேட்கவில்லை. அந்த மறுப்பு நிற்கிறது. பழைய தரவில் படிந்த பாகுபாடு மென்பொருளின் முடிவிலும் வெளிப்படும்போது கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்.

மைசூர் (1918), கல்கத்தா (1921) பல்கலைக்கழகங்களுக்குப் பிறகு, 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்கள், அறவியல் துறைப் பேராசிரியராக இருந்தார். அவர் கேட்ட பொறுப்புக் கேள்வி இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் எழுகிறது: தமிழ்நாடு அரசு, பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை 2020-இல் வெளியிட்டது.