எண்ணப்பட்ட கவிதை

கம்ப்யூட்டருக்கு மொழியைப் புரியவைத்த கதையை அமெரிக்கப் பரிசோதனைச் சாலைகளிலிருந்து தொடங்குவது வழக்கம். எனக்கு அது ஒரு கவிதையிலிருந்து தொடங்குவதாகவே படுகிறது. 1913 ஜனவரியில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞான அகாதமியில் ஆந்த்ரேய் மார்க்கோவ் என்ற கணித அறிஞர் ஒரு கட்டுரை வாசித்தார். புஷ்கினின் செய்யுள் நாவலான 'யெவ்கேனி ஒனேகி'னின் முதல் 20,000 எழுத்துகளை அவர் கையாலேயே எண்ணியிருந்தார். உயிர் 8,638, மெய் 11,362. கவிதையின் அர்த்தமோ, நாயகனின் சலிப்போ அவருக்குப் பொருட்டல்ல. ஓர் எழுத்துக்குப் பின் என்ன எழுத்து வருகிறது என்பதே கேள்வி.

எழுத்துகள் ஒன்றையொன்று சாராதவையானால், எந்த இடத்திலும் உயிர் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 43. ஆனால் உயிரை அடுத்து உயிர் வந்தது நூற்றுக்கு 13 தடவைதான். மெய்யை அடுத்து உயிர் வந்தது 66 தடவை. வந்தது வரப்போவதைக் கட்டுப்படுத்துகிறது.

இந்த உழைப்புக்குப் பின்னால் ஒரு தத்துவச் சண்டை இருந்தது. சமூகப் புள்ளிவிவரங்களில் சராசரிகள் நிலைபெறுகின்றன. சாராத நிகழ்ச்சிகளில்தான் அது சாத்தியம். ஆகவே மனிதச் செயல்கள் சுதந்திரமானவை என்று வாதிட்டார் மாஸ்கோவின் நெக்ராசோவ். சார்ந்த நிகழ்ச்சிகளிலும் சராசரி நிலைபெறும் என்று மார்க்கோவ் 1906-ல் நிரூபித்தார். புஷ்கின் பிறகு கிடைத்த சாட்சி. 1912-ல் தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கும்படி தானே கேட்டுக்கொண்ட மனிதர் அவர்.

1948-ல் கிளாட் ஷானன் இந்தச் சங்கிலியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு புத்தகத்தைக் கண்டபடி திறந்து ஒரு சொல்லை எடுப்பது, வேறு பக்கத்தில் அச்சொல் தென்படும்வரை படித்து அதன் அடுத்த சொல்லைக் குறித்துக்கொள்வது, இப்படியே தொடர்வது. அர்த்தமில்லாத, ஆனால் ஆங்கிலம் போல ஒலிக்கிற வரிகள் கிடைத்தன.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பாதை இருந்தது. 1954-ல் நியூயார்க்கில் 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு ருஷ்ய வாக்கியங்களை ஐ.பி.எம். இயந்திரம் மொழிபெயர்த்தது. 1957-ல் சாம்ஸ்கி, மார்க்கோவ் சங்கிலியால் ஆங்கில இலக்கணத்தை உருவாக்க இயலாது என்று வாதிட்டார். 1966-ல் ஓர் அமெரிக்க அறிக்கை இயந்திர மொழிபெயர்ப்பின் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்தது. எழுபதுகளில் ஐ.பி.எம்.மின் ஜெலினெக் குழு, பேச்சை அடையாளம் காண விதிகளை விட்டு எண்ணிக்கைக்குத் திரும்பியது. 2017-ல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் கண்ட அமைப்பில், ஒரு சொல் தன்னைச் சூழ்ந்த சொற்கள் அனைத்தோடும் உறவு கொள்கிறது. இன்று பேசும் இயந்திரங்களும் அடுத்த சொல்லை ஊகித்தே வாக்கியத்தைக் கட்டுகின்றன.

இது புரிதலா என்று நம் நண்பர்கள் பதறுகிறார்கள். வங்கியில் நாளெல்லாம் எண்ணுகிறவன் நான். எண்ணுவதை இழிவாக நினைக்க எனக்குக் காரணமில்லை. எண்ணிக்கை எதிர்பார்ப்பை அளக்கிறது. தேய்ந்த சொல் என்று நாம் விமர்சனத்தில் சொல்வது, வரும் என்று முன்பே தெரிந்துவிட்ட சொல்லைத்தான். ஆனால் எதிர்பாராத சொல்லெல்லாம் கவிதையாகிவிடாது. குலுக்கிப் போட்ட எழுத்துகளும் எதிர்பாராதவையே. அந்தச் சொல் அங்கே ஏன் தவிர்க்கமுடியாததாயிற்று என்பதை மார்க்கோவின் அட்டவணை சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது விமர்சகன்.

இருள், மௌனம், நிழல், ஜன்னல், பிணம் — நம் புதுக்கவிதைகளில் இவற்றில் ஒன்று வந்தால் மற்றது பின்னாலேயே வருகிறது. இந்தப் பத்திரிகையின் பக்கங்களும் விலக்கல்ல. இயந்திரம் நம்மைப் போல எழுதிவிடுமோ என்ற பயத்தைவிட, அது ஊகிக்கும்படி நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.