பச்சைக் கல்

ரொறொன்ரோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நாலு மணித்தியாலம் ஓடினால் பேர்த் நகரம். அதற்கருகே சில்வர் குயின் என்ற பழைய சுரங்கம். 1903இல் மைக்காவுக்காகத் திறந்தது. போன கோடையில் பிள்ளைகள் அங்கே மினுங்கும் மைக்காவை வேடிக்கை பார்க்க, நான் பச்சை நிற அப்பற்றைற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் கதை சுரங்கத்துக்கும் முந்தியது.

பயிருக்கு வேண்டிய பொஸ்பரஸ் அந்தக் கல்லில் உண்டு. ஆனால் தண்ணீரில் லேசில் கரையாது, வேருக்கு எட்டாது. கந்தக அமிலம் ஊற்றிக் கரையவைக்கும் முறைக்கு 1842இல் இங்கிலாந்தின் ஜோன் பெனற் லோஸ் காப்புரிமை பெற்றார். அதுதான் சுப்பர் பொஸ்பேற். முதலில் எலும்பு, பிறகு கல். 1870களில் ஒன்ராறியோ, கியூபெக் காடுகளில் குழிகள் விழுந்தன. வெட்டிய கல் மொன்றியலில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. 1890களில் புளோரிடாவின் மலிவான பொஸ்பேற் சந்தைக்கு வர, குழிகளைக் கைவிட்டுவிட்டார்கள்.

இதே கல் இலங்கையிலும் இருக்கிறது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971இல் கண்டுபிடித்தார்கள். அதை வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் திட்டத்தை, அவ்வூர் விவசாயிகள் போட்ட வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பசளை வருவதற்கே தடை. யூரியாவில் வெடிமருந்து செய்யலாமாம். அப்பா வெங்காயத் தறைக்கு ஆட்டெருவும் பூவரசங்குழையும் தாட்டார். வெங்காயம் சிறுத்துத்தான் வந்தது. எப்பாவலக் கல்லைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.