அணை யாருது? பொட்டி தட்டுறவன் சொல்லும் வரலாறு

மக்களே, இங்கே நம்மூர்க் குடும்பங்கள் கூடினால், தமிழ்நாட்டுக்காரரும் கேரளத்துக்காரரும் முல்லைப் பெரியாறைத் தொடாமல் எழுந்திருப்பதில்லை. 'அணை யாருது?' என்பதுதான் சண்டையே.

பொட்டி தட்டுறவனுக்கு இது பழகின தலைவலி. 2004ல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸில், 'அணை மாநிலத்தைச் சேர்ந்தது' என்பதை பிலாங்ஸ்_டு என்று ஒரே வரியில் எழுதலாம். அணை டேபிளில் ஸ்டேட்_ஐடி என்று ஒரு பத்தி, அவ்வளவுதான். ஆனா நம்ம எல்லையோர அணைகளை ஏற்றினால் முட்டிக்கொள்ளும்.

முல்லைப் பெரியாறு இருப்பது இடுக்கி மாவட்டத்தில், இயக்குவது தமிழ்நாடு. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூர் 999 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் கொடுக்க, 1895ல் அணை முடிந்தது. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளமும் அதே கதை. இடம் கேரளா, இயக்கம் தமிழ்நாடு. சாலையில் போகவே இந்தப் பக்கம் டாப்ஸ்லிப் வழியாகத்தான் போகணும்.

ஆக, ஒரே மாநில டேபிளுக்கு இரண்டு உறவு வேணும்: இருக்கும் மாநிலம், இயக்கும் மாநிலம். வெறுமனே 'ஆபரேட்டர்' என்று பெயர் வைத்தால், ரெயில்ஸ் அந்தப் பெயரில் ஒரு மாடலைத் தேடி, கிடைக்காமல் பிழை காட்டும். மாடல் 'ஸ்டேட்' என்று கிளாஸ்_நேமில் சொல்லணும். மறுபக்கம் ஹேஸ்_மெனியிலும் எந்தப் பத்தி என்று ஃபாரின்_கீயில் சொல்லணும்.

அடுத்த சிக்கல் காலம். பாலக்காடு 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1886ல் கையெழுத்திட்ட திருவிதாங்கூர் இன்று இல்லை. பழைய பெயரை அழித்துக் 'கேரளா' என்று எழுதினால் வரலாறு போச்சு. அதனால் ஒப்பந்தமே தனி மாடலாகணும், தேதிகளோட.

தேதியும் ஒண்ணு போதாது. பெரியாறு துணை ஒப்பந்தம், பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் இரண்டுமே 1970 மே 29ல் கையெழுத்தானவை. பின்னது 1958 நவம்பர் 9 முதலே செல்லும்! அடுத்த மாதம், 1970 ஜூனில்தான், எட்கர் காட் உறவுசார் தரவுத்தளத்துக்கு அடித்தளமிட்ட கட்டுரையை வெளியிட்டார்.

நாளைக்கு உங்க பிள்ளைங்க 'அணை யாருது?' என்று கேட்டால், ஒரு மாநிலப் பெயரைச் சொல்லி முடிக்காதீங்க. இடமா, இயக்கமா, தண்ணீரா, எந்த வருஷம் என்று திருப்பிக் கேளுங்க. கம்பத்து விவசாயியின் வயலும் உண்மை, வண்டிப்பெரியாறுக்காரர் மழைக்காலப் பயமும் உண்மை. ஒரே பத்தியில் எழுதினால் ஒன்று மற்றதை அழித்துவிடும்.